நாற்பது மில்லிமீட்டர்

275ஐ 40ஆல் பெருக்கி நூறால் வகுத்தால் 110. 315ஐ 35ஆல் பெருக்கி நூறால் வகுத்தால் 110.25. இந்தக் கால் மில்லிமீட்டரை நம்பி அமெரிக்காவில் ஒரு தலைமுறைக் கார்ப் பித்தர்கள் பணத்தைக் கொட்டினார்கள். டயரின் பக்கச்சுவரில் 275/40 ஆர் 17 என்று பொறித்திருந்தால் முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. மூன்றாவது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 275/40ஐக் கழற்றிவிட்டு 315/35ஐ மாட்டினால் டயரின் மொத்த உயரம் மாறாது. இரண்டும் ஏறக்குறைய 652 மில்லிமீட்டர். ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது, கியர் விகிதம் கெடாது. அகலம் மட்டும் நாற்பது மில்லிமீட்டர் கூடும். கணக்கே கூப்பிட்டு வரவேற்கும்போது யார்தான் மறுப்பார்கள்?

2003ல் ஃபோர்டு நிறுவனம் மஸ்டாங் கோப்ராவை சூப்பர்சார்ஜருடன் வெளியிட்டது. 390 குதிரைத்திறன், பின்சக்கரங்களில் 275/40. கடையில் வாங்கியபடியே ஓட்டினால் அது போதுமான டயர்தான். ஆனால் அந்தக் காரை வாங்கியவர்களில் பலர் வாங்கியபடியே ஓட்டுகிற ஜாதி இல்லை. சூப்பர்சார்ஜரின் புல்லியைக் கொஞ்சம் சிறியதாக மாற்றி, எஞ்சின் கணினியில் பெட்ரோல் கணக்கைத் திருத்தினால் திறன் சடசடவென்று ஏறும். அதற்குப்பின் இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் கார் முன்னே பாய்வதற்குப் பதிலாகப் பின்சக்கரங்கள் நின்ற இடத்தில் சுழன்று புகை கக்கும். எஞ்சினுக்குச் செலவு செய்த காசு அந்தப் புகையில் போகிறது. அப்போதுதான் ஆள் டயர் தேடக் கிளம்புகிறார்.

எந்த டயர் நன்றாக ரோட்டைப் பிடிக்கும் என்பதுதான் அவர் கேட்கும் கேள்வி. இந்தக் காரின் எந்த நாளுக்கு என்று அவர் கேட்பதில்லை. வறண்ட சனிக்கிழமை மாலையில் கால் மைல் நேர்ப்பந்தயத்துக்கா, மழை பெய்யும் திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போவதற்கா? இரண்டுக்கும் ஒரே டயர் விடை சொல்லாது. விடை சொல்வதாகச் சொல்லும் டயர் இரண்டிலும் பாதிதான் சொல்கிறது.

முதலில் அகலம் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் படித்த உராய்வு விதியை நம்பினால் ஒன்றுமே செய்யக்கூடாது. 1699ல் கியோம் அமோன்தோன் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் முன்வைத்த விதி அது: உராய்வு எடையைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல. மரத்துக்கும் இரும்புக்கும் அது பெரும்பாலும் சரிவரும். ரப்பர் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படாது. ரப்பரின்மேல் ஏற்றும் எடை கூடக்கூட, ஒவ்வொரு கிலோவுக்கும் அது திருப்பித் தரும் பிடி குறைந்துகொண்டே போகும். ஆகவே அதே எடையை அதிகப் பரப்பில் பரப்பினால் ஆதாயம் உண்டு. அகல டயரின் நியாயம் இங்கே தொடங்குகிறது.

ஆனால் அகல டயர் பரப்பைக் கூட்டுகிறதா? பலர் தடுக்கி விழும் இடம் இது. டயர் தரையைத் தொடும் பரப்பைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம். பக்கச்சுவரின் விறைப்பும் கொஞ்சம் தாங்கும், அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். 1,660 கிலோ எடையுள்ள கோப்ரா முழுவேகத்தில் பாயும்போது எடை பின்னால் சாயும். ஒவ்வொரு பின்டயரின்மேலும் 475 கிலோ விழுவதாக வைத்துக்கொள்வோம். டயரில் 32 பவுண்டு காற்று, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 2.25 கிலோ. வகுத்தால் சுமார் 210 சதுர சென்டிமீட்டர், இரண்டு உள்ளங்கை அளவு. 275ஆக இருந்தாலும் 315ஆக இருந்தாலும் அந்த அழுத்தத்தில் ஏறக்குறைய இதே பரப்புதான். அகல டயரில் அந்தப் பரப்பு குறுக்கே நீண்டு, ஓடும் திசையில் குட்டையாகிறது. வளைவுகளில் இந்த வடிவ மாற்றத்தால் நன்மை உண்டு. நேராகப் பாய்வதற்கு அது பெரிய உபகாரம் இல்லை.

நேராகப் பாய்பவருக்கு அகலத்தால் கிடைப்பது வேறு. பெரிய டயருக்குள் காற்று அதிகம் இருக்கிறது, ஆகவே குறைந்த அழுத்தத்திலும் அதே எடையைத் தாங்கும். 18 பவுண்டுக்கு இறக்கினால் பரப்பு 370 சதுர சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். டிராக் ரேஸ் என்ற அந்த நேர்ப்பந்தயத்தை ஓட்டுபவர்கள் பந்தயத்துக்கு முன் குனிந்து பின்டயர் வால்வை அழுத்திக் காற்றை வெளியேற்றுவது இதற்குத்தான். அகலத்துக்குக் கொடுத்த காசு காற்றை இறக்குவதற்கான உரிமமாகத் திரும்பி வருகிறது. காற்றை இறக்க மனமில்லாதவர், 32 பவுண்டிலேயே ஓட்டப் போகிறவர், அந்த நாற்பது மில்லிமீட்டரில் பாதியைத்தான் அனுபவிக்கிறார். மீதி, பின்னால் நின்று பார்ப்பவரின் கண்ணுக்கு. அதையும் நான் குறைசொல்ல மாட்டேன். கார் வாங்குவதில் கண்ணுக்கென்று ஒரு பங்கு எப்போதும் உண்டு.

ரப்பர் எப்படிப் பிடிக்கிறது என்பது இதைவிடச் சுவையானது. சாலையை நுணுகிப் பார்த்தால் கூரான கற்களின் வெளி. டயரின் ரப்பர் ஒவ்வொரு கல்லின்மேலும் வழிந்து உட்கார்ந்து, கல்லைக் கடந்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்புவதில் தாமதம் இருக்கிறது. கல்லின் முன்பக்கம் ரப்பர் அழுத்திக்கொண்டிருக்க, பின்பக்கம் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. அந்த வேறுபாட்டில் பிறக்கிறது பிடியின் பெரும்பகுதி. ரப்பர் நசுங்க வாங்கிய ஆற்றலில் ஒரு பங்கைத் திருப்பித் தராமல் சூடாக வீணாக்குகிறது. அந்த வீண்தான் காரைச் சாலையில் நிறுத்துகிறது. நன்றாகத் துள்ளும் ரப்பர் பந்தை அறுத்து டயருக்குப் பட்டனாக ஒட்டினால் ஈரத்தில் அது வழுக்கும். கீழே போட்டால் தொப்பென்று விழுந்து கிடக்கும் ரப்பர் ரோட்டைக் கவ்விக்கொள்ளும்.

பியூட்டைல் ரப்பர் அப்படித் தொப்பென்று விழும் வகை. 1937ல் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவானது, காற்றைக் கசியவிடாது என்பதால் ட்யூபுகளுக்குப் பயன்பட்டது. 1960ஐ ஒட்டி அதே ரப்பரில் முழு டயர் செய்து 'அட்லஸ் பக்ரான்' என்ற பெயரில் பெட்ரோல் பங்க்குகளில் விற்றார்கள். குடும்பக் கார்களுக்கான டயர் அது. வளைவில் கிறீச்சிடாது, சீக்கிரம் நிற்கும் என்பது விளம்பரம். விளம்பரம் யாரைக் குறிவைத்ததோ அவர்களைவிட டிராக் ரேஸ்காரர்கள் வேகமாகப் புரிந்துகொண்டார்கள். சாலை டயர்தான் போட வேண்டும் என்று விதியுள்ள பிரிவுகளில் பக்ரானை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அகலத்தை ஒரு மில்லிமீட்டர்கூடக் கூட்டாமல், ரப்பரின் குணத்தை மட்டும் மாற்றிக் கிடைத்த வெற்றி. கடையில் எண்களை மட்டும் பார்த்து டயர் வாங்குபவர் நினைத்துப் பார்க்க வேண்டிய வரலாறு.

இந்த வீணாவதன் கணக்கைச் சரியாக எழுதிக் காட்டியவர் கே. ஏ. கிராஷ். 1963ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் அவர் கட்டுரை வெளிவந்தது. பல வகை ரப்பர்களைக் கண்ணாடியின்மேலும் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான பரப்பின்மேலும் இழுத்துப் பார்த்தார். சூடு குறுக்கிடக்கூடாது என்பதற்காக நத்தை வேகத்தைத் தாண்டாமல் இழுத்தார், அந்த வரம்புக்குள் வேகத்தையும் வெப்பநிலையையும் மாற்றிக்கொண்டே போனார். வேகத்தைக் கூட்டுவதும் வெப்பத்தைக் குறைப்பதும் ரப்பருக்கு ஒன்றுதான் என்றும், எல்லா அளவீடுகளும் ஒரே வளைகோட்டில் வந்து பொருந்துகின்றன என்றும் தெரிந்தது. அந்த வளைகோட்டுக்கு ஓர் உச்சி உண்டு. உச்சிக்கு இப்புறம் போனாலும் அப்புறம் போனாலும் பிடி சரியும்.

இந்த வேலை நடந்த இடம் இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டி. இயற்கை ரப்பர் உற்பத்தியாளர்களின் ஆய்வுக்கூடம் அங்கே இருந்தது. அதன் செலவுக்குப் பணம் வந்தது மலாயாவிலிருந்து: ஏற்றுமதியாகும் ஒவ்வொரு பவுண்டு ரப்பரின்மேலும் விதித்த தீர்வையிலிருந்து. அந்த ரப்பரின் பெரும்பங்கு விளைந்த தீம்பார்களில், அதாவது ரப்பர் தோட்டங்களில், விடியும்முன் பிரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுத்து, நிரையில் இறங்கி, பால் வெட்டியவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். எந்த டயர் ஏன் பிடிக்கிறது என்ற கேள்விக்கு ஒழுங்கான விடை எழுதிய ஆய்வுக்கூடத்தின் வாடகையும் விளக்கும் கண்ணாடிக் குழாயும் அந்தப் பாலிலிருந்து வந்தவை. டெட்ராய்ட்டில் கார் வைத்திருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. நமக்குத் தெரிந்திருக்கலாம்.

இன்னொரு முரணும் இதில் உண்டு. 1942ல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து அறுந்தது. ஆக்ரன் நகரத்து டயர்க் கம்பெனிகளும் அரசும் சேர்ந்து செயற்கை ரப்பரைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கின. போர் முடிந்தபின் இயற்கை ரப்பர் திரும்பி வந்தது, ஆனால் பழைய இடம் முழுவதும் கிடைக்கவில்லை. இயற்கை ரப்பரைச் செயற்கை ரப்பரிடமிருந்து காப்பாற்றவே வெல்வின் ஆய்வுக்கூடத்துக்குத் தோட்டங்கள் பணம் கொடுத்தன. கிராஷின் வளைகோட்டை வைத்துப் பார்த்தாலோ, கார் டயரின் பட்டனுக்கு, அதுவும் ஈரச்சாலைக்கு, செயற்கை ரப்பரே வாகானது: அது அதிகம் வீணாக்குகிறது. இயற்கை ரப்பர் துள்ளும், சூடாகாது. ஆகவே விமான டயரிலும் லாரி டயரிலும் அது ராஜா. வேகக்காரின் பின்டயரில் அதன் பங்கு பெரும்பாலும் உள்ளுடம்போடு சரி.

உச்சிக்கு இருபுறமும் சரிவு என்றேன். பந்தயத்துக்கு முன் தண்ணீர் தெளித்த இடத்தில் பின்சக்கரங்களைச் சுழலவிட்டுப் புகை கிளப்புகிறார்களே, வேடிக்கை பார்ப்பவர்களுக்கு அது ஆர்ப்பாட்டம். ஓட்டுபவருக்கு அது டயரை உச்சிக்கு ஏற்றும் வேலை. டிராக் ரேடியல், அதாவது சாலையிலும் ஓட்ட அனுமதியுள்ள டிராக் ரேஸ் டயர், குளிர்ந்திருக்கும்போது பிளாஸ்டிக் மாதிரி. காலை எட்டு மணிக்கு வீட்டு வாசலிலிருந்து கிளம்பும்போது அந்த அகலமான விலையுயர்ந்த டயர், பக்கத்து வீட்டுக்காரரின் சாதாரண டயரைவிட மோசமாகப் பிடிக்கக்கூடும். கோடைக்காலக் கலவையில் செய்த டயர்கள் ஏழு டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும். சிலவற்றைக் கடுங்குளிரில் அசைத்தாலே பட்டனில் வெடிப்பு விழும் என்று கம்பெனிகளே எச்சரிக்கின்றன. சிக்காகோவில் நவம்பர் என்றால் அந்தக் கார் கொட்டகைக்குள்.

அமெரிக்காவில் டயரின் பக்கச்சுவரில் தேய்மான எண் ஒன்றும் பொறிக்க வேண்டும். நடுத்தரக் குடும்பக் காரின் டயரில் 400, 500 என்று இருக்கும். வளைவுகளில் வேகமாக ஓட்டும் பித்தர்களின் எண் 200. டிராக் ரேடியலில் அது நூறாகவோ, சுத்தமாகப் பூஜ்யமாகவோ இருக்கும். அகலத்தைவிட அதிகம் உண்மை பேசும் எண் இதுதான் என்பது என் கட்சி. தேய்மான எண் 500 உள்ள 315 டயரை வாங்குபவர் பின்னழகு வாங்குகிறார். எண் 100 உள்ள 275ஐ வாங்குபவர் பிடி வாங்குகிறார், ஆனால் ஒரு கோடையிலேயே மொட்டையாகிவிடலாம் என்று ஒப்புக்கொண்டு வாங்குகிறார்.

பிறகு மழை. 1963ஐ ஒட்டி அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹார்ன் விமான டயர்கள் ஈர ஓடுபாதையில் மிதப்பதைப் பற்றி ஆராய்ந்தார். அவருடைய சூத்திரம் மிக எளிமையானது: டயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35ஆல் பெருக்கினால் டயர் தண்ணீரின்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம், மணிக்கு இத்தனை மைல் என்று கிடைக்கும். வடிகால் வெட்டில்லாத மொட்டை டயருக்கும், வெட்டின் ஆழத்தை மிஞ்சிய தண்ணீருக்கும் இது பொருந்தும். 32 பவுண்டு காற்றுக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய மணிக்கு 94 கிலோமீட்டர். 18 பவுண்டுக்கு 71 கிலோமீட்டர். வறண்ட பந்தயத்தளத்தில் பரப்பைப் பெருக்கித் தந்த அதே காற்றிறக்கம், மழைநாளில் பஸ் போகும் வேகத்திலேயே காரைப் படகாக்கிவிடும். குட்டையான அகலமான தொடுபரப்புக்கு முன்னால் தண்ணீர் ஒதுங்க அதிக தூரம் பக்கவாட்டில் ஓட வேண்டும் என்பது கூடுதல் சங்கடம். டிராக் ரேடியலில் சாலைச் சட்டத்துக்காக மெல்லிய கோடுகள் இரண்டு மூன்று வெட்டியிருப்பார்கள். சட்டம் திருப்தியடையும். தண்ணீர் அந்தக் கோடுகளைச் சட்டை செய்யாது.

ஏதோ வீட்டில் செய்து பார்க்கிறவர்களின் சிக்கல் இது என்று நினைக்க வேண்டாம். டாட்ஜ் நிறுவனத்தின் சேலஞ்சர் ஹெல்கேட் 2015 மாடலாக வந்தபோது 707 குதிரைத்திறனுக்குப் பின்னால் 275 அகலம்தான் இருந்தது. அது நகைச்சுவை என்றுகூடச் சொல்லலாம். பச்சை விளக்கில் அழுத்தினால் கார் அங்கேயே நின்று கத்தும். பிறகு மட்கார்டை அகலப்படுத்தி 305 போட்டார்கள். 2018ல் டீமன் என்று ஒன்று: பந்தய பெட்ரோல் ஊற்றினால் 840 குதிரைத்திறன், நான்கு சக்கரங்களிலும் 315/40 ஆர் 18 டிராக் ரேடியல். பக்கத்து இருக்கையும் பின்னிருக்கையும் இல்லாமல் விற்றார்கள், வேண்டுமென்றால் ஒரு டாலருக்கு ஒரு இருக்கை. 2023ல் கடைசியாக டீமன் 170: எத்தனால் கலந்த எரிபொருளில் 1,025 குதிரைத்திறன். இதற்குப் பின்னால் எவ்வளவு அகலம் போட்டிருப்பார்கள்?

அதே 315. 185 குதிரைத்திறன் கூடியும் அகலம் ஒரு மில்லிமீட்டர் கூடவில்லை. மாறியது வேறொன்று: 315/40 ஆர் 18 இருந்த இடத்தில் 315/50 ஆர் 17. ரிம் ஓர் அங்குலம் சிறுத்தது, பக்கச்சுவர் 126 மில்லிமீட்டரிலிருந்து 157க்கு வளர்ந்தது. சின்ன ரிம் உட்கார வேண்டும் என்பதற்காகப் பின்பிரேக்கையே சிறிதாக்கினார்கள். எஞ்சின் உதைக்கும்போது உயரமான பக்கச்சுவர் முறுக்கிக்கொண்டு, சுருக்கம் விழுந்து, அந்த அதிர்ச்சியை மெல்ல மெல்லத் தரைக்கு விடுகிறது. தொடுபரப்பும் ஓடும் திசையில் நீளுகிறது. கம்பெனி எஞ்சினியர்கள் பக்கவாட்டில் தேடுவதை நிறுத்திவிட்டு மேல்நோக்கித் தேடினார்கள். கடையில் 315ஆ 325ஆ என்று மாய்கிறவரிடம் பக்கச்சுவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காரணம் எளிது. உயரமான பக்கச்சுவரும் சின்ன ரிம்மும் இன்றைய கண்ணுக்கு அழகில்லை, இருபது அங்குல ரிம்தான் அழகு.

எண்ணால் வரம்பு கட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்க டிராக் ரேஸில் நல்ல உதாரணம் இருக்கிறது. எக்ஸ்-275 என்ற பிரிவின் பெயரே டயரின் அகலம்தான். பின்னால் 275/60 ஆர் 15 டிராக் ரேடியலுக்குமேல் போடக்கூடாது. பழைய மஸ்டாங்கும் கமாரோவும் ஈராயிரம் குதிரைத்திறனைத் தாண்டிய எஞ்சின்களோடு அந்த டயரில் ஓடுகின்றன, நம் கோப்ராக்காரர் போதாது என்று கழற்றிப்போட்ட அதே 275 அகலத்தில். எப்படி? சஸ்பென்ஷன் எடையைப் பின்னால் எந்தக் கணத்தில் எவ்வளவு தள்ள வேண்டும் என்பதை ஷாக் அப்சார்பரில் இம்மி இம்மியாகத் திருத்துகிறார்கள். எஞ்சின் திறனை நொடியின் நூறில் ஒரு பங்கு கணக்கில் கணினி அளந்து விடுகிறது. பந்தயத்தளத்தில் ஒட்டும் பசை தெளித்திருக்கிறார்கள், செருப்பைக் கழற்றிக்கொண்டு போகும் அளவுக்கு. அந்தப் பசை ஊர் சாலையில் கிடையாது. மணலும் எண்ணெயும் படிந்த நாற்சந்தியில் அவர்களுடைய டயரும் வழுக்கவே செய்யும். டயரைத் தேர்ந்தெடுக்கும்போது கூடவே ஒரு தரையையும் தேர்ந்தெடுக்கிறோம். கடைக்காரர் டயரை மட்டும்தான் விற்பார்.

1960களின் நடுவரை இந்தத் தலைவலி யாருக்கும் இல்லை, கடையில் அகல டயரே இல்லாததால். 1964ல் வந்த பான்டியாக் ஜிடிஓவின் டயர் இன்றைய சின்னக் குடும்பக் காருக்குப் போடுவதைவிட அகலமில்லை. 1966ன் 425 குதிரைத்திறன் ஹெமி எஞ்சினும் அப்படிப்பட்ட டயரில்தான் வந்தது. 1967ஐ ஒட்டி ஃபயர்ஸ்டோனும் குட்இயரும் 'வைட் ஓவல்', 'பாலிகிளாஸ்' என்று தட்டையான டயர்களைக் கொண்டுவந்தபின்தான் பின்பக்கம் அகலத் தொடங்கியது. 1980களில் இது எல்லை கடந்தது. 'ப்ரோ ஸ்ட்ரீட்' என்று ஒரு பாணி. காரின் பின்பாதி அடித்தளத்தையே வெட்டி எறிந்து, சேஸிஸை ஒடுக்கி, பந்தய டயர் இரண்டை உள்ளே திணிப்பார்கள். இல்லினாய் மாநிலத்தின் டூ கோயின் திடலில் கோடையில் கூடுவார்கள். பல கார்கள் பந்தயத்தளத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பின்னால் இருந்து பார்க்க இரண்டு உருளைகளுக்கு நடுவே ஒரு பெட்ரோல் டாங்க்தான் தெரியும். எனக்கு அந்தக் கார்கள்மேல் ஏளனம் இல்லை. பிடி என்ற சாக்கையே விட்டுவிட்டு, அகலம் அகலத்துக்காக என்று துணிந்து சொன்னவர்கள் அவர்கள் மட்டுமே.

மாட்டும் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாற்பது மில்லிமீட்டர் என்றால் பக்கத்துக்கு இருபது என்று பங்கு பிரியாது. உட்புறம் ஸ்பிரிங்கோ ஷாக்கோ நிற்கிறது, வெளிப்புறம் மட்கார்டின் மடிப்பு. ரிம்மின் உட்குழிவு எவ்வளவு என்பதைப் பொறுத்து முழு நாற்பதும் ஒரே பக்கம் போய்விடலாம். கார் நிற்கும்போது விரல் நுழையும் இடைவெளி இருந்ததென்று திருப்தியடைபவர், இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு பள்ளத்தில் இறங்கும்போது உலோகம் ரப்பரை அறுக்கும் சத்தத்தைக் கேட்பார். மட்கார்டின் உள்மடிப்பை மேலே மடக்க ஒரு நாட்டுவைத்தியம் உண்டு. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே பேஸ்பால் மட்டையைச் செருகி, காரை மெல்ல உருட்டினால் மட்டை உருண்டு மடிப்பைத் தட்டையாக்கும். பெயின்ட் வெடித்தால் வெடித்ததுதான். ரிம்மும் அகலமாக வேண்டும். 315 டயருக்குக் குறைந்தது பத்தரை அங்குல ரிம். அதைப் பழைய ஒன்பது அங்குல ரிம்மிலேயே அமுக்கி மாட்டினால் டயர் நடுவில் புடைத்து நடுப்பட்டன் மட்டும் தேயும், ஓரங்கள் புதிதாகவே இருக்கும். காசு கொடுத்து வாங்கிய அகலம் தரையைத் தொடாமலே காலாவதியாகும்.

முன்டயரை யாரும் நினைப்பதில்லை. பின்னால் 315, முன்னால் பழைய டயரே என்று விட்டால் கார் நேராகப் போவதில் கெட்டி, திரும்புவதில் மந்தம். வளைவில் மூக்கு வெளியே நழுவும். கம்பெனிகளுக்கு இந்த மந்தம் பிடிக்கும். பின்புறம் சுழன்று வருவதைவிட முன்புறம் நழுவுவது சாதாரண ஓட்டுநருக்கு ஆபத்து குறைவு. ஆனால் பிடி மிகுந்த பின்டயர் கடைசியில் விடும்போது திடீரென்று விடும், அதிலும் ரேடியல். பழைய குறுக்கு நூல் டயர் சுழன்றாலும் மெல்லத் திரும்பப் பிடிக்கும். ரேடியல் விட்டால் காலை எடுத்தாக வேண்டும். காலை எடுக்க ஓட்டுநருக்குக் கிடைக்கும் அவகாசம் ரொம்பச் சின்னது.

ஆகவே என்ன வாங்கலாம் என்று என்னிடம் கேட்டால் நான் ஏமாற்றமளிக்கும் பதில்தான் சொல்வேன். அந்தக் கோப்ராவுக்கு 275 போதும், நல்ல ரப்பரில், தேய்மான எண் 200 பக்கத்தில், சாலைக்கு வெட்டிய வடிகாலோடு. இரண்டாம் கியரில் கொஞ்சம் சுழலட்டும். வலது காலுக்கும் ஒரு வேலை இருக்கட்டும். நாற்பது மில்லிமீட்டர் இல்லாமல் தூக்கம் வராதென்றால் இன்னொரு ஜோடி ரிம்மோடு சேர்த்து வாங்கிக் கொட்டகையில் வைத்துக்கொள்ளலாம், சனிக்கிழமை மாலை மாட்டிக்கொள்ளலாம். இதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். இரண்டையும் ஒரே டயரில் செய்ய வேண்டும் என்பதுதானே சாலைக் காரின் பெருமை என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அந்தப் பெருமைக்கென்றே ஒரு போட்டி நடக்கிறது. ஹாட் ராட் பத்திரிகை 2005ல் தொடங்கிய டிராக் வீக். ஐந்து நாள், நாளுக்கு ஓர் ஊரில் கால் மைல் பந்தயம். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு அதே காரை, பொதுச் சாலையில், ஓட்டுநரே ஓட்டிக்கொண்டு போக வேண்டும், மொத்தம் ஏறக்குறைய ஆயிரம் மைல். உதவி வண்டி கூட வரக்கூடாது. வேண்டிய சாமானைக் காருக்குள்ளோ, கார் இழுக்கும் குட்டி டிரெய்லரிலோ வைத்துக்கொள்ளலாம். முன்வரிசைக் கார்களின் டிரெய்லர்களில் சாமான்களோடு இன்னொரு ஜோடி பின்சக்கரமும் இருக்கும். பந்தயத்தளத்தை அடைந்ததும் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சாலை டயரைக் கழற்றிப் பந்தய டயரை மாட்டுவார்கள், மாலையில் மறுபடி மாற்றுவார்கள். கோப்பை அவர்களுக்குத்தான் போகும். பின்வரிசைப் பிரிவுகளில் ஒரே ஜோடி டிராக் ரேடியலோடு ஐந்து நாளையும் ஓட்டி முடிப்பவர்களும் உண்டு. மழை வந்தால் நெடுஞ்சாலையின் வலது ஓரத்தில் எண்பது கிலோமீட்டருக்கு மேல் போகாமல், லாரிகள் தாண்டிப் போக விட்டுக்கொண்டு. நேரப் பட்டியலில் அவர்கள் பெயரைத் தேட வெகு தூரம் கீழே இறங்க வேண்டும். நான் அங்கே போனால் அவர்களைத் தேடிப் பிடித்து எத்தனை பவுண்டு காற்றில் ஓட்டினீர்கள் என்று கேட்பேன்.